குறைந்தது இரும்பு மட்டும்

போன செவ்வாய்க்கிழமை என் கடையில் இருந்தவர்கள்: தாமல் கிராமத்து வசந்தா அக்கா. அவருடைய கொழுந்தன் முருகேசன். நான். அப்புறம், முருகேசன் தன் பட்டுக்கடையிலிருந்து தூக்கி வந்த தராசு. அதையும் ஓர் ஆளாகவே வைத்துக்கொள்ளுங்கள். இருந்த நால்வரில் அதற்குத்தான் மரியாதை அதிகம்.

மேஜைமேல் ஒரு துப்பாக்கி.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். லைசென்ஸ் உள்ள துப்பாக்கிகளை ரிப்பேர் செய்கிறேன். கோயிலும் பட்டும் உள்ள ஊரில் இதற்கு என்ன வேலை என்று கேட்கிறார்கள். காட்டுப்பன்றி இறங்கிப் போன காலையில் ஏதாவது ஒரு கொல்லையைப் போய்ப் பாருங்கள். பிறகு கேட்க மாட்டீர்கள்.

அக்காவின் வீட்டுக்காரர் இறந்துபோனார். ஏரிக்கரைக்குக் கீழே வேர்க்கடலைக் கொல்லை. பயிர்க் காவலுக்கான லைசென்ஸ் அக்கா பேருக்கு மாறியது. துப்பாக்கியும் வந்தது. வேட்டை நடந்த காலத்தில் வேட்டைக்கென்றே செய்தது. பெரிய துளை, பெரிய தோட்டா, உலக்கை மாதிரி பேரல். பன்றியைச் சுட அக்காவுக்கு அனுமதி இல்லை. சுடவும் வேண்டாம். கரை மண்ணில் ஒரு வெடி போட்டால் போதும். கூட்டம் வந்த வழியே திரும்பிவிடும்.

ஆனால் அதைத் தூக்க வேண்டுமே?

அக்காவின் இடது மணிக்கட்டு ஒருமுறை உடைந்து கோணலாகச் சேர்ந்தது. துப்பாக்கியோடு கரையைச் சுற்றி வருவதற்குள் பல இடத்தில் கீழே வைத்துவிடுவார்.

முருகேசன் இதைத்தான் பிடித்துக்கொண்டார். "எங்கிட்ட குடுத்துடுங்க அண்ணி. காவல நான் பாத்துக்கறேன்."

காவல் யார் கையிலோ, கொல்லை நாளைக்கு அவர் கையில். இது அக்காவுக்கும் தெரியும். முருகேசனுக்கும் தெரியும்.

"தூக்க முடியலன்னா துப்பாக்கிய மாத்துவேன். ஆள மாத்த மாட்டேன்." அப்படிச் சொல்லிவிட்டு அக்கா என்னிடம் வந்தார்.

பழைய பேரலின் உள்பக்கத்தைத் துரு தின்றிருந்தது. எப்படியும் மாற்ற வேண்டியதுதான். கலெக்டர் ஆபீஸ் அனுமதி வருவதற்குள் ஒரு மழைக்காலம் போயிற்று. வந்ததும் ஆரம்பித்தேன். புதுப் பேரல் – ஒல்லி, ஒரு சாண் குட்டை. தோளில் வைக்கும் கட்டையும் புதிது, இலேசான மரம். துளை அதே துளை. தோட்டா அதே தோட்டா. குறைந்தது சுற்றியிருந்த இரும்பு மட்டும்.

செவ்வாய்க்கிழமை முருகேசன் அதைத் தராசில் வைத்தார். பழைய எடையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. முகம் மாறிவிட்டது.

நம் ஊர்க்காரர்களுக்கு இது ஒரு வியாதி. புடவையைக் கையில் வாங்கினால் நிறம் பார்ப்பதற்கு முன்னால் தூக்கிப் பார்ப்போம். கனமாக இருந்தால் நல்ல பட்டு, நல்ல ஜரிகை. இலேசாக இருந்தால்... எவனோ ஏமாற்றிவிட்டான். அதே கணக்கைத் துப்பாக்கிக்கும் போட்டார்.

"இன்னா மேஸ்திரி, ஜரிகைய உருவிட்டு வெறும் நூல நெய்ஞ்சு குடுத்துக்கீற?"

"இது பொடவ இல்ல."

"பொடவயா இருந்தா அப்பவே திருப்பி அனுப்பியிருப்பேன்பா."

அக்கா சிரித்தார். "திருப்பி அனுப்பாம எத்தினிய வித்துக்கீற தம்பி? எனக்குத் தெரியாதா?"

முருகேசன் விடவில்லை. அவரை முட்டாள் என்று நினைக்காதீர்கள். அடுத்ததைச் சரியாகவே பிடித்தார்.

"லேசா இருந்தா ஒதைக்கும் மேஸ்திரி. அண்ணிக்குத் தோள் பூடும். கட்டைக்குள்ள ஈயத்த ஊத்து. பழைய எடைக்குக் கொண்டாந்துடு. செலவு என்னுது."

சுடும்போது தோளில் உதைக்கும் என்பது பொய்யில்லை. பேரல் மாற்றினால் முதல் வெடி நான்தான் போடுவேன். இதையும் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் போட்டுப் பார்த்திருந்தேன். அதற்கப்புறம் சட்டை மாட்டும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மறைத்து என்ன ஆகப்போகிறது?

"நெஜந்தான்கா. ஒதைக்கும்," என்றேன்.

"எப்டி?"

"மாடு ஒதைக்கற மாதிரி."

"மாட்டத் தெனம் கறக்கறேனே."

பிறகு முருகேசனைப் பார்த்தார். "சுடறது எப்பவோ ஒருவாட்டி தம்பி. தூக்கிக்கினு நடக்கறது தெனமும். எனக்கு எது கஷ்டம், நீயே சொல்லு."

முருகேசன் பந்தயம் கட்டினார். "சேந்தாப்ல மூணு வெடி போடுங்க அண்ணி. போட்டுட்டா கொல்லப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

"போட முடியலன்னா?"

"ஒண்ணு ஈயம். இல்லன்னா காவலுக்கு நானு."

ஈயம் ஊற்ற மாட்டேன் என்று நான் அப்போதே சொல்லிவிட்டேன். வேறு மேஸ்திரியைப் பார்ப்பேன் என்றார். பாருங்கள் என்றேன்.

யோசித்துப் பாருங்கள். என்றைக்கோ விழப்போகிற ஓர் உதைக்குப் பயந்து, தினமும் எத்தனை கனத்தைச் சுமக்கிறோம்? பிடிக்காத வேலை, பிடிக்காத உறவு, ஊர் என்ன சொல்லும் என்கிற ஈயம்... ஊற்றிக்கொண்டே இருக்கிறோம். கை வலிக்கிறது. தோள் பத்திரமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை ரேஞ்சுக்குப் போனோம். அதே மூவர். அங்கே பொறுப்பிலிருந்த ஒருவர்.

முருகேசனுக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. தன் துண்டை மடித்து நீட்டினார். "தோள்ல வெச்சுக்கோங்க அண்ணி."

"நான் துண்டு தேடற வரைக்கும் பன்னி நின்னுக்கினு இருக்குமா?"

வாங்கவில்லை.

முதல் வெடி. அக்கா ஓரடி பின்னால் போனார். கொண்டை அவிழ்ந்தது. முடிந்துகொள்ளவில்லை.

இரண்டாவது. கண்ணில் தண்ணீர். துடைக்கவில்லை. கோணல் மணிக்கட்டு பேரலின் அடியில் நின்றது. இறங்கவில்லை.

மூன்றாவது.

முருகேசன் கையைத் தூக்கினார். "சரி அண்ணி. ஒத்துக்கறேன். கொல்ல உங்களுது. போதும், எறக்குங்க."

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த தோட்டாவைப் போட்டார்.

"நீ கேட்டது முடிஞ்சுது தம்பி. இனிமே நான் எனக்குச் சுடறேன்."

சுட்டார். நடுவில் நிறுத்தச் சொல்ல நானும் வாய் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

ரேஞ்சில் ஒரு முறை உண்டு. சுட்டு முடித்ததும் காலித் தோட்டாக்களை எண்ணி ஒப்படைக்க வேண்டும். பொறுப்பிலிருந்தவர் குனிந்து பொறுக்கினார். மேஜையில் வரிசையாக நிறுத்தினார். முருகேசன் பக்கத்தில் நின்று கூடவே எண்ணினார்.

ஒன்பது.