மணவறைக்குப் பின்னால் ஒரு கதவு

1. சோதனை ஓட்டம்

தைப்பொங்கல் முடிந்த வியாழக்கிழமை மாலை. மில்லிக்கனில் உள்ள எங்கள் சிறிய அலுவலகத்தின் பெரிய திரையில் எட்டு வீரர்களும் ஒரே இடத்தில் செத்துக் கிடந்தார்கள்.

வீடியோ கேம்களுக்கு லெவல், அதாவது வீரர்கள் ஓடித் திரியும் களம், கட்டுவது என் தொழில். இந்த வேலையைத் தந்தவர் யோகன் அண்ணை. ஸ்காபரோவில் கலியாண மண்டபம் வைத்திருக்கிறார். இளையோர் வீடியோ கேம் போட்டி ஒன்றுக்கு ஆதரவு கொடுத்தவர், தன் மண்டபத்தையே களமாகக் கேட்டார். சமையலறையிலிருந்து நச்சுப்புகை பரவும். வெளியே தப்புபவர் வெல்வார்.

கையிலிருந்தது போட்டிக்கான கேமோடு இலவசமாக வரும் எடிற்றர், அதாவது களம் கட்டும் மென்பொருள், மட்டுமே. பெட்டி, சரிவு, உருளை, சில அறிவிப்புப் பலகைகள். பொருட்களுக்கு உச்ச வரம்பு உண்டு. கதிரைகளே அதை விழுங்கிவிடும் என்பதால் ஒவ்வொரு மேசையும் ஒரு தட்டை உருளை ஆனது. முதலில் மண்டபத்தின் வரைபடத்தைப் பார்த்துச் சுவர், வாசல், பலகைகளை வைத்தேன். இரண்டு வாரம் கழித்து, கலியாணப் படங்களைப் பார்த்து மணவறையைக் கட்டினேன். எடிற்றரில் துணி கிடையாது. மணவறைக்குப் பின்னால் தொங்கும் திரைக்குப் பதிலாக ஒரு மெல்லிய சுவர் வைத்தேன்.

பொட்டுகளை, அதாவது கணினியே ஓட்டும் வீரர்களை, விட்டுப் பார்த்தேன். எல்லாம் முன்வாசலால் ஒழுங்காக வெளியேறின. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

பிறகுதான் மனிதர்கள் விளையாடினார்கள். சோதனைக் குழுவில் இருந்த அபி, இங்கே பிறந்தவள், ஹெட்செற்றைக் கழற்றி மேசையில் போட்டாள்.

“அக்கா, திஸ் இஸ் சோ அன்ஃபெயர்! எக்ஸிற் சைன் இருக்கு, டோர் இல்லை. வேணுமெண்டே செய்தனீங்களா?”

சிரித்தேன். ‘வெளியேறு’ பலகையை இடம் மாற்றி வைத்துவிட்டேன் போலும் என்று வரைபடத்தைத் திறந்தேன். பலகை சரியான இடத்தில்தான் இருந்தது. அதன் கீழே, மேற்குச் சுவரில், அவசரக் கதவு. கலியாணப் படங்களைத் திறந்தேன். ஒவ்வொரு கலியாணத்திலும் அதே இடத்தில் மணவறை.

என் சிரிப்பு நின்றுவிட்டது. லெவலில் பிழை இல்லை. மண்டபத்தை உள்ளபடியே கட்டியிருக்கிறேன். அங்கே நானும் எத்தனையோ தடவை பந்தியில் இருந்து சாப்பிட்டிருக்கிறேன். அடுத்த வாரம் யோகன் அண்ணையின் மகள் மதுராவின் கலியாணமும் அங்கேதான்.

2. முதலாளி விளையாடினார்

மறுநாள் காலையே மண்டபத்துக்குப் போனேன்.

“பொம்பிளை மாப்பிளை கிழக்குப் பாத்து இருக்கவேணும், தங்கச்சி. அப்ப மணவறை மேற்குச் சுவரோடைதானே வரும்? துவங்கின நாளிலையிருந்து உப்பிடித்தான்,” என்றார் யோகன் அண்ணை.

“கொஞ்சம் முன்னுக்கு இழுக்கலாமே, அண்ணை?”

“இழுத்தா நாலு மேசை போகும். கலியாணக் காட் குடுத்தாச்சு. ஆரை வரவேண்டாம் எண்டு சொல்லுறது? மச்சாள் பகுதியையோ? பிறகு என்ரை கதி என்ன?” என்று சிரித்தார். “உது விளையாட்டு. கேமைப் பாத்துக் கலியாணம் வைக்கேலாது.”

நான் மடிக்கணினியை வைத்து, கன்ட்ரோலரை அவர் கையில் கொடுத்தேன். அலுவலகத்திலிருந்து அபியின் ஆட்கள் இணைந்தார்கள். பூ மாதிரிகளோடு வந்திருந்த மதுரா பின்னால் நின்று பார்த்தாள்.

“இந்தா என்ரை வாசல்... உது கேக் வெட்டுற இடம்...” என்று பெருமையாகச் சுற்றினார். புகை கிளம்பியது. முன்வாசலில் மற்றவர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். திரும்பினார். பச்சைப் பலகை தெரிந்தது. ஓடினார். மணவறைத் தூணில் முட்டினார். இடப்பக்கம் போனார், வலப்பக்கம் போனார். மடிக்கணினித் திரை சாம்பல் நிறமானது, அவர் செத்துவிட்டார்.

“கதவு எங்கை?” என்று கேட்டார்.

“உங்கட மண்டபம், அண்ணை.”

மதுரா மெதுவாகச் சொன்னாள்: “அப்பா, நீங்கள் செத்த இடத்திலைதான் நான் இருப்பன்.”

அவர் எழுந்துபோய் மணவறையின் உண்மையான திரையை இழுத்தார். அடுக்கிய கதிரைகள். அவற்றை அகற்றினோம். கதவைத் திறக்கும் குறுக்கு இரும்புத் தண்டை அழுத்தினார். கதவு அசையவில்லை. முன்வாசலால் சுற்றிப் போய்ப் பார்த்தோம். வாகனத் தரிப்பிடத்தில் தள்ளிய பனியெல்லாம் அந்தக் கதவோடு இறுகிக் கிடந்தது. கோட்டும் கையுறையும் இல்லாமல் அவர் வெறுங்கையால் அதைத் தோண்டத் தொடங்கினார். நான் பனி அள்ளும் சவள் கொண்டுவந்து தரும்வரை நிறுத்தவில்லை.

3. கலியாண நாள்

மணவறை முன்னுக்கு வந்தது, கிழக்குத்தான் பார்த்தது. நாலு மேசைகள் வாசல் கூடத்துக்குப் போயின. “எங்களைச் செருப்புக்குப் பக்கத்திலை இருத்திப்போட்டான்,” என்று மச்சாள் வந்தவர்களுக்கெல்லாம் முறையிட்டார். “நெருப்புப் பிடிச்சா நீங்கள்தான் முதல் தப்புவியள், மச்சாள்,” என்றார் யோகன் அண்ணை. அதற்குப் பிறகு மச்சாள் இன்னும் கோபமாக இருந்தார்.

ஐயர் ஓமம் வளர்த்துக்கொண்டிருந்தபோது நான் திரைக்குப் பின்னால் போய்த் தண்டை அழுத்தினேன். கதவு திறந்தது. தைக் குளிர் உள்ளே பாய்ந்தது, திரை உப்பியது, ஓமப்புகை சாய்ந்தது.

“ஆரது கதவைத் திறந்தது?” என்று அதட்டினார் ஐயர்.

“திறக்குதோ?” என்று கேட்டார் யோகன் அண்ணை.

“ஓம், அண்ணை.”

“சரி ஐயா, நீங்கள் மந்திரத்தைச் சொல்லுங்கோ.”

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று. பொட்டுகள் நாம் போட்ட பாதையில் போகும். மனிதர்கள் பலகையை நம்பி ஓடுவார்கள். அந்த எடிற்றரில் துணி இருந்திருந்தால் எல்லோரும் அதை ஊடுருவித் தப்பியிருப்பார்கள். எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. பலகையைக் கடைசியாக வையுங்கள், கதவை நீங்களே தள்ளித் திறந்த பிறகு.