கப்பித்தானின் உடுப்பைத் தைத்தது யார்

1. மாதா கோயில் மண்டபத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க, ஒரு பொம்மைக்கு ஒல்லாந்தர் காலத்துப் படைக் கப்பித்தான் உடுப்புத் தைத்துத் தரும்படி திருவிழாக் குழு எங்கள் வீட்டில் கேட்டது.
2. நான் தைத்தேன். கறுப்புச் சட்டை, தோள்வரை விரியும் வெள்ளைக் கழுத்துப்பட்டி, முழங்காலோடு நிற்கும் காற்சட்டை. இருபத்திரண்டு பின்னேரங்கள்.
3. அதை மண்டபத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவர் என் அண்ணையின் மனைவி. நான் மச்சாள் என்று கூப்பிடுவேன்.
4. பெட்டிக்குள் வைத்த சீட்டில், தைத்தவர் என்ற இடத்தில் மச்சாளின் பெயர் இருந்தது.
5. மச்சாள் அதைத் திருத்தவில்லை.

நாலாவதைக் குழுவின் பிழை என்று விட்டிருப்பேன். மச்சாள் எங்கள் ஊர் நாரந்தனையில் பாதிப் பெண்களுக்குச் சட்டை தைப்பவர். நான் யாழ்ப்பாணத்தில் ஒரு கட்டிட அலுவலகத்தில் படம் கீறுபவள். தையல் என்றால் யாருடைய பெயர் வாயில் வரும் என்பது தெரிந்ததுதான். ஐந்தாவதைத்தான் விட முடியவில்லை.

திருவிழா அன்று பூசை முடிந்து பெண்கள் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். நான் மச்சாளுக்குப் பக்கத்தில் நின்றேன்.

“பொத்தான் எல்லாம் கடுகு மாதிரி இருக்கு. எப்பிடித்தான் தைச்சனீங்களோ!” என்றார் ஒருவர்.

“கண் போச்சுது அக்கா,” என்றார் மச்சாள். பிறகு என் தோளில் கை போட்டு, “இவவும் பாவம், ஊசியில நூல் கோர்த்துத் தந்தவ.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பொத்தான்கள் பதினாறு. ஒவ்வொன்றும் குண்டூசித் தலையில் நூல் சுற்றி நான் செய்தது.

இரண்டு மாதம் கழித்து, கப்பித்தானுக்குப் பக்கத்தில் மனைவிப் பொம்மை ஒன்றும் வேண்டுமென்று குழு மச்சாளிடமே கேட்டது. அவர் ஓம் என்று ஒத்துக்கொண்டுவிட்டு என்னிடம் வந்தார்.

“கப்பித்தானுக்குக் கீறின மாதிரிக் கடதாசியில துண்டுகளைக் கீறித் தாருமன். தையலை நான் பாக்கிறன்.”

“ஓம் மச்சாள், கீறித் தாறன்.”

எங்கள் பக்கத்துத் தையலைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். யாரும் கடதாசியில் கீறுவதில்லை. அளவான பழைய சட்டை ஒன்றைத் தையல் பிரித்து, துண்டுகளைப் புதுத் துணியில் விரித்து, விளிம்போடு கோடு போட்டு, கோட்டிலேயே வெட்டுவார்கள். பிரித்த துண்டில் தையலுக்குள் மடிந்திருந்த துணியும் சேர்ந்தே இருக்கும். அதனால் பிழைக்காது. நான் கீறும் கோடு தைத்து முடிந்த அளவு. தையலுக்கு விட வேண்டியதைக் கீழ் மூலையில் குறிப்பாக எழுதுவேன்: சுற்றிவர ஐந்து மில்லிமீற்றர் விடவும். இந்த முறை அந்தக் குறிப்பை எழுதவில்லை.

மறந்துபோய் அல்ல.

மச்சாள் தன் கலியாணக் கவுணை அலுமாரியிலிருந்து எடுத்து மேசையில் விரித்தார். வெள்ளைச் சற்றின். அந்த மினுக்கம் வேறு துணியில் வராதாம். அதை நான் எதிர்பார்க்கவில்லை. கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு, “அளவு சரிதானே?” என்று கேட்டார்.

“பொம்மையின்ர உடம்புக்கு ஒரு மில்லிமீற்றரும் பிசகாது.”

அது உண்மை. அவர் கோட்டிலேயே வெட்டினார். மேற்சட்டைக்கு ஐந்து துண்டு. வெட்டி முடிய அரை மணித்தியாலம் ஆனது. நான் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தேன். ஒரு சொல் சொல்லியிருந்தால் கவுண் தப்பியிருக்கும். முதல் துண்டு விழுந்தபோது கோப்பையை ஒருமுறை கீழே வைத்து எடுத்தேன். நாலாவது துண்டுக்குப் பிறகு தேத்தண்ணி இனித்தது.

ஐந்து துண்டு, பத்து விளிம்பு, விளிம்புக்கு ஐந்து மில்லிமீற்றர். இருபது சென்ரிமீற்றர் இடுப்புக்குப் பதினைந்து சென்ரிமீற்றர் சட்டை.

அடுத்த நாள் பின்னேரம் பொம்மையைத் தூக்கிக்கொண்டு வந்தார். சட்டை முதுகில் பிளந்து நின்றது.

“தையல் விடேல்லையே நீர்!”

“நான் கீறினது சரி மச்சாள். அளந்து பாருங்கோ.”

“வேணுமெண்டுதான் செய்தனீர்.”

“தைக்கிற ஆள் நீங்கள்தானே. நூல் கோர்க்க வேணுமெண்டால் சொல்லுங்கோ, கோர்த்துத் தாறன்.”

அவர் என்னையும் சட்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பொம்மையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனார். அந்த முகத்தை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன், விருப்பத்தோடுதான்.

இரவுச் சாப்பாட்டில் அண்ணை கேட்டார். “ஒரு பொம்மைச் சட்டைக்கு வீட்டை ரண்டாக்கப் போறியோ? மிச்சத் துணியில நீ தைச்சுக் குடன்.”

“குடுக்கிறன். முதல், கப்பித்தான்ர உடுப்பைத் தைச்சது ஆரெண்டு மச்சாள் குழுவுக்குச் சொல்லட்டும்.”

மூன்று கிழமை அவர் சொல்லவில்லை. பிறகு குழுச் செயலாளர் பொம்மையைக் கேட்டு சைக்கிளில் வந்தார். மச்சாள் வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு, “முதல் பொம்மையும் இவதான் தைச்சவ, நானில்லை,” என்றார்.

“அப்ப ஏன் திருவிழா அண்டைக்குச் சொல்லேல்லை?” என்று செயலாளர் சாதாரணமாகத்தான் கேட்டார். மச்சாள் படலையின் கொக்கியைப் போட்டுப் போட்டு எடுத்தார். நான் அவருக்கு உதவிக்குப் போகவில்லை.

இப்போது சீட்டில் என் பெயர் இருக்கிறது. கவுணின் மிச்சத்தை மச்சாள் ஒரு பையில் போட்டு அண்ணையிடம் கொடுத்தனுப்பினார். பை என் மேசைக்குக் கீழே கிடக்கிறது. துணி போதும், அளந்துவிட்டேன். தைக்கச் சொல்லி மச்சாள் நேரில் வந்து கேட்க வேண்டும். இன்னும் வரவில்லை. நான் தொடங்கவும் இல்லை.