தயாளனின் வலது காது

சனிக்கிழமை காலை தயாளனின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அன்று மாலை திருநின்றவூரில் ஒரு கல்யாண ஊர்வலம். அதைப் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று நினைத்து, "யூனிபார்ம் தொவைச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டே எடுத்தேன். பேசியவர் அவருடைய மைத்துனர். முதல் ஷிப்டுக்குக் கிளம்பிய தயாளன், பட்டாபிராம் ஸ்டேஷனுக்குச் சற்றுத் தள்ளித் தண்டவாளத்தைக் கடந்திருக்கிறார். ரயில் ஹாரன் அடித்துக்கொண்டேதான் வந்ததாம். எதிரே நின்றவர்கள் கத்தினார்களாம். அவர் திரும்பவே இல்லை. ரயில் வந்தது அவருடைய வலப்பக்கம்.

நம் பேண்டு செட்டில் பதினோரு வருடம் பிக்கலோ வாசித்தவர் அவர். பிக்கலோ என்பது புல்லாங்குழலில் பாதி நீளம்கூட இருக்காது; ஆனால் பேண்டிலேயே மிகக் கூர்மையாகக் கேட்பது அதுதான். திங்கள் முதல் சனி வரை அம்பத்தூரில் ஒரு பட்டறையில், இரும்பு கடையும் லேத் ஓட்டினார். ஞாயிறுதோறும் மேனாம்பேட்டில், பேண்டு மாஸ்டரான என் வீட்டு மாடியில் ஒத்திகை. எல்லோருக்கும் முன்னால் வந்து நாற்காலிகளை அவரே விரித்துப் போடுவார்.

ஒரு ஞாயிறு, துணியில் சுற்றிய புதுக் குழல் ஒன்றைக் கொண்டுவந்தார். கருமரத்தால் ஆனது. ஆவடியில் பணி ஓய்வு பெற்ற ஒரு ராணுவ பேண்டுக்காரரிடம் வாங்கியது. "எல்லாரும் அந்தாண்ட திரும்புங்க. எது நல்லா கீதுனு சொல்லுங்க" என்றார். முதுகைக் காட்டி உட்கார்ந்தோம். ஒரே மெட்டை வழக்கமான உலோகக் குழலில் ஒருமுறையும் மரக் குழலில் ஒருமுறையும் வாசித்தார். உலோகம் மண்டைக்குள் ஏறியது. மரம் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது. அத்தனை பேரும் மரம் என்றோம், நானும்தான். ஆனால் உடனே, "ரூமுக்கு சரி தயாளா. தெருவுல, டிரம்ஸுக்கு நடுவுல எவனுக்குக் கேக்கும்? வெயில்ல, மழையில வெடிச்சிடும் வேற" என்றேன். மரக் குழலைத் துணியில் சுற்றி உள்ளே வைத்துவிட்டார்.

அவர் அதை ஆசைக்காக வாங்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு கோயில் ஊர்வலம் முடிந்து திரும்பும்போது என் வலப்பக்கமாக வந்து சேர்ந்துகொண்டார். "இப்டி வந்தாத்தான் மாஸ்டர் நீங்க பேசறது கேக்குது" என்றார். பிக்கலோவை வலப்பக்கம் பிடித்து வாசிப்பதால் சத்தம் முழுவதும் வலது காதில்தான் இறங்கும். லேத் சத்தம் வேறு. "வாசிச்சி முடிச்ச அப்பாலயும் உள்ள ஒருத்தன் வாசிச்சிகினே கீறான். தூங்க உடமாட்றான்." டாக்டர் பிக்கலோவை நிறுத்தச் சொல்லியிருந்தார், முடியாவிட்டால் சத்தத்தையாவது குறைக்கச் சொல்லியிருந்தார். மரக் குழல் அதற்காக வந்தது.

நானும் சரி என்றதால், அடுத்த நான்கு ஊர்வலங்களில் மரக் குழலை வாசித்தார். மரம் வெடிக்காமலிருக்கச் சட்டைக்குள் மார்போடு வைத்துச் சூடாக்கி, பிறகுதான் வாயில் வைப்பார். அந்த நாட்களில் அவர் முகமே தெளிந்திருந்தது. நான்காவது ஊர்வலம் ஒரு பெண் அழைப்பு. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் நடுத்தெருவில் என்னை நிறுத்தி, "இன்னாயா, ஊதறான், சத்தமே காணோம்? சும்மா ஆளு கணக்குக்கு நிக்க வெச்சிருக்கியா?" என்றார். எனக்கு அவமானமாகிவிட்டது. நேரே தயாளனிடம் போனேன்.

"மெட்டல் குழல எடு."

"இன்னிக்கு மட்டுமா மாஸ்டர்?"

"இனிமே அதான்."

அவர் பையைத் திறந்தார். வலது காதில் பஞ்சை அடைத்துக்கொண்டார். அன்று அவர் வாசித்தது அந்தத் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். அதன்பிறகு ஒன்றரை வருடம் உலோகக் குழல்தான். செட்டில் இருக்கும் நீங்கள் எல்லோரும் அதைப் பார்த்தீர்கள். ஏன் மாற்றினார் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

காரியம் முடிந்த மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கஸ்தூரி காபி கொடுத்தார். குடிக்காமல் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மா என்னை நேராகப் பார்த்தார்.

"தெரியும் மாஸ்டர். அன்னிக்கே வந்து சொன்னாரு. நான் சண்ட போட்டேன். 'அவரு இன்னா பண்ணுவாரு, பேண்டு வெச்ச பார்ட்டிக்குப் பதில் சொல்லணுமே'ன்னாரு. உங்க மேல அவருக்குக் கோவமே இல்ல."

கீழே வைத்த டம்ளரை எடுத்துக்கொண்டு, "எனக்குக் கீது" என்றார்.

காது கேட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதில் எனக்கு ஆறுதலும் இல்லை. பொறுமைசாலி என்று அவரைப் பலர் பேசுவார்கள். அந்தப் பொறுமையில் நான் சுகமாகக் குளிர்காய்ந்தேன். அதனால் அதைப் புகழும் யோக்கியதை எனக்கு இல்லை.

போன வாரம் பூந்தமல்லியில் ஊர்வலம். பாதி வழியில் டிரம்பெட் வாசிக்கும் சேகர், தலையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாத்தே, காது இரையுது" என்றார். கையைத் தூக்கி மொத்த செட்டையும் நிறுத்தினேன். பார்ட்டிக்காரர்கள் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள். கத்தட்டும் என்று நின்றேன். சேகர் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, போதும் என்று சொல்லும்வரை ஒருவரையும் வாசிக்க விடவில்லை.

தயாளனிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இது ஒன்றுதான். அவருக்கு இதைச் செய்யவில்லை.