முன் சீட்

அபுதாபி சாலைச் சோதனைச் சாவடியில் எங்கள் சிமெண்ட் லாரி நிற்கிறது. மூட்டைகள் மேல் உட்கார்ந்தபடி பாஸ்போர்ட்டைக் கீழே நீட்டுகிறேன். கீழே நின்று வாங்கும் டிரைவர் பெஷாவர்க்காரர். அவர் கையில் ஒரு படமும் சேர்ந்து விழுகிறது. ராணுவ உடையில் என் மகன். பாகிஸ்தான்காரர்கள் ஓட்டும் வண்டியில் ஏறும்போது அதைப் பெட்டிக்குள் வைத்துவிடுவேன். இன்று மறந்துவிட்டேன்.

"யாரு பாய் இது?"

"மகன். பட்டாளத்துல இருக்கான்."

"டாக்கா சண்டைக்குப் போனானா?"

பொய் சொல்ல வரவில்லை. தலையாட்டுகிறேன். இங்கே இறக்கிவிட்டால் மணலில் நடந்துதான் சைட்டுக்குப் போக வேண்டும்.

போலீஸ்காரர் பாஸ்போர்ட்டைப் பார்த்து, "யல்லா" என்று போகச் சொல்கிறார். டிரைவர் வண்டியை எடுக்கவில்லை. அவருடைய இந்தி எனக்கு ஓரளவு புரிகிறது.

"கிழக்குப் பாகிஸ்தான்ல ஓட்டுல ஜெயிச்சவங்களுக்கு நாற்காலி கொடுக்கல. அங்க ஜனங்க கிளம்பிட்டாங்க. அடக்குன்னு என் தம்பியக் கடல் தாண்டி அனுப்பினாங்க. உங்க பட்டாளம் வந்துச்சு, ரெண்டே வாரத்துல கலாஸ். பாதி நாடு போச்சு. தம்பி ரெண்டு வருஷம் உங்க கேம்ப்ல கைதி."

நான் மூட்டையை இறுகப் பிடித்துக்கொள்கிறேன்.

"ஒருத்தனும் அவன்மேல கை வைக்கல. ஈத் அன்னைக்குத் தொழ விட்டாங்க. இப்போ வீட்டுல ரொட்டி வேண்டாமாம், சோறு கேட்கிறான். கெடுத்து அனுப்பிட்டீங்க."

சிரித்தபடி முன் கதவைத் திறக்கிறார். "பட்டாளத்தானோட அப்பா மூட்டை மேல உட்காரலாமா? வாங்க."

இறங்கி முன்னால் ஏறுகிறேன். படத்தைத் திருப்பிக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அவரோ அதைக் காற்றில் பறக்காதபடி முன் கண்ணாடியில் செருகுகிறார். வண்டி நகர்கிறது. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிறேன்.