ஈயம் என்கிற ஒரே பேர்

"காதர் பாய் மவுத்தாயிட்டாரு" என்று அவருடைய மைத்துனர் வந்து சொன்னபோது, நான் ஒரு காருக்கு அடியில் படுத்து வயர் மாற்றிக்கொண்டிருந்தேன். அடையாறு பாட்டரிக் கொட்டகையில் அவரோடு வேலை செய்த நீங்கள் எல்லோரும் அடக்கத்துக்கு வந்திருந்தீர்கள். அங்கே பேசாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது.

பாட்டரிகளைப் பிரித்துப் பழைய தகடுகளை உருக்கி வார்ப்பது அவர் வேலை. அந்தப் புகையிலேயே உட்கார்ந்து சாப்பிடுவார். கேட்டால் சட்டைப் பையிலிருந்து வெல்லக்கட்டியை எடுத்துக் காட்டுவார். "இது உள்ள போனா ஈயம் வெளிய வந்துடும் நைனா."

ஒருநாள் டீ கிளாஸை எடுக்கப் போனார். மணிக்கட்டு நிமிரவில்லை. கை வாடிய கீரைத்தண்டாகத் தொங்கியது. ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். உடம்பில் ஈயம் ஏறியிருக்கிறது, இந்த வேலையை விட்டுவிடுங்கள் என்றார் டாக்டர்.

"இன்னா டாக்டர், மயிலாப்பூர்ல வூட்டுக்கு வூடு ஈயச் சொம்புலதான் ரசம் கொதிக்குது. ஈயம் விஷம்னா அங்க ஆளே மிஞ்சியிருக்கக் கூடாதே!"

டாக்டரே சிரித்துவிட்டார். கொட்டகையில் நாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

பாய் அதோடு விடவில்லை. டாக்டர் மேஜையில் வைத்துக் காட்ட ஒரு ஈயச் சொம்பு வாங்க வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு மயிலாப்பூர் பாத்திரக்கடைக்குக் கிளம்பினார். இரண்டும் ஒன்றுதான் என்று காட்ட, கொட்டகைக் கட்டி ஒன்றையும் எடுத்துக்கொண்டார். கடைக்காரர் கட்டியை வாங்கிப் பார்த்தார். "பாய், சொம்பு வெள்ளீயம். நீங்க கொண்டாந்தது காரீயம், அது வேற உலோகம், விஷம். இதுல யாராவது ரசம் வைப்பாங்களா?"

பாய் கட்டியைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். பஸ் ஸ்டாப்பில் என்னிடம் சொன்னார். "பேரைக் கேட்டு ஏமாந்துட்டேன்யா."

மறுநாளே உருக்கும் அடுப்பை வாசலுக்கு இழுத்துப் போட்டார். சோப்புப் போடாமல் சோற்றில் கை வைத்தால் கத்துவார். யாராவது ஈயம் என்று சொன்னால், "காரீயம்னு முழுசா சொல்லுடா" என்பார். ஆனால் வேலையை மட்டும் அவரால் விட முடியவில்லை. கடைசியில் சிறுநீரகமும் போயிற்று.

அடக்கம் முடிந்து நேராகக் கொட்டகைக்குப் போனேன். அடுப்பு மறுபடி உள்ளே வந்திருந்தது. உங்களில் ஒருவர் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, கறுத்த விரல்களோடு சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். கை கழுவச் சொன்னேன்.

"அட போ மச்சி, மயிலாப்பூர்ல ரசமே அதுலதான் வைக்கிறாங்கோ."

எல்லோரும் சிரித்தீர்கள். பாய் போய்விட்டார், அவர் ஜோக் போகவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது, அழுகையும் வந்தது. ஜோக்கை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அவர் சொன்னதை நான் வைத்திருக்கிறேன். பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு அன்று நான் கத்தியதும் அதைத்தான்.

"காரீயம்னு முழுசா சொல்லுடா!"