கம்பளை பஸ்ஸில் செத்துப்போன கூட்டம்



காலையில் கம்பளையிலிருந்து கண்டிக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். வெளியே விடாத மழை. பிரபஞ்சம் பிறந்த புதிதிலேயே அவசர அவசரமாக நட்சத்திரங்களைப் பெற்றுத் தள்ளிவிட்டு, அப்படியே அடங்கிப்போன பிரம்மாண்டமான விண்மீன் கூட்டம் ஒன்றைப் பற்றி ஃபோனில் வாசித்தேன். அதிர்ச்சி தாங்கவில்லை. உடனே சிநேகிதிக்கு அழைத்தேன்.

“அவ்வளவு பெரிய கூட்டம்டி! முழுசா செத்துப்போச்சு! இனி அங்க ஒண்ணுமே பொறக்காது!”

பஸ்ஸில் பேச்சு நின்றது.

முன் சீட்டில் இருந்த அக்கா திரும்பினார். முகம் வெளிறிப் போயிருந்தது.

“எந்தத் தோட்டம்ங்க?”

எனக்கு விளங்கவில்லை.

“மண்ணு சரிஞ்சிருச்சா? எந்த லயம்?”

அதற்குள் நாலைந்து பேர் ஃபோனைக் காதில் வைத்துவிட்டார்கள். அக்காவும்தான்.

அப்போதுதான் விளங்கியது: மழையில் மலை சரிந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லய வீடுகளில் ஒரு கூட்டமே செத்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். “ஐயோ, இல்லக்கா! இங்க இல்ல, வானத்துல! நட்சத்திரக் கூட்டம்!”

“நாங்க நல்லாத்தாம்மா இருக்கோம், ஏன்?” என்று ஃபோனில் அவருடைய மகள் கேட்டது எனக்கே காதில் விழுந்தது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“எப்ப செத்துச்சு அது?”

“இந்தப் பூமி உண்டாகுறதுக்கு முந்தியேக்கா.”

“அதையா இந்த மழையில கத்திச் சொல்றீங்க?”

வழியில் கெலிஓயா ஊரைத் தாண்டியும் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நட்சத்திரம் பிறப்பது நின்றுபோனதற்கு வேறு நல்ல சொல் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். மழை நாளில், கம்பளை பஸ்ஸில், சத்தமாகச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும்.