எங்கள் அக்காவும் ஒரு பாட்டில் விளக்கு எண்ணெயும்

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. திதிக்கு வந்து, பந்தியில் உட்காருவதற்கு முன் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தம்பியின் வணக்கம். நான் எழுதப் போகிறேன் என்று தெரிந்ததும் "நல்லத மட்டும் எழுதுப்பா" என்று சிலர் சொன்னார்கள். எதை எழுத வேண்டாம் என்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அதை விட்டுவிட்டு அக்காவை எழுத என்னால் ஆகாது. கோபம் வருகிறவர்கள் சாப்பிட்டு முடித்துவிட்டுக் கோபப்படலாம்.

அக்கா பிறந்தது பள்ளிப்பட்டுக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் கிராமத்தில். நைனா என்று நாங்கள் கூப்பிட்ட அப்பா வேர்க்கடலையும் கரும்பும் பயிர் வைத்தவர். கொஞ்சம் மாமரமும் இருந்தது. அம்மா சீக்கிரமே போய்விட்டார். அதற்குப் பிறகு எனக்குத் தலை வாரி, சோறு போட்டு, கணக்குச் சொல்லிக் கொடுத்தது எல்லாம் அக்காதான். கணக்கு எனக்கு ஏறாது. "டேய் வெளக்கெண்ண, இங்க பாரு" என்று தலையில் குட்டுவார். மந்தமாக இருப்பவனை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் திட்டுவார்கள். அந்த வசவை அக்கா பிற்காலத்தில் அடியோடு நிறுத்திவிட்டார். காரணம் கீழே வருகிறது.

பெண் பிள்ளையை மேலே படிக்க வைப்பதா என்று நைனா முறுக்கிக்கொண்டு நின்றார். அக்கா அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. அவருக்குச் சாப்பாடு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து, தான் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். நைனாவுக்குத் தாங்கவில்லை, சரி என்றார். அக்கா விடியற்காலை பஸ் பிடித்துத் திருத்தணிக்கு வந்து, அங்கிருந்து ரயிலில் சென்னைக்குப் போய் வந்தே வேதியியலில் முதுகலை முடித்தார்.

பிறகு ஆந்திரப் பக்கம் ஒரு பழக்கூழ் ஆலையில் தரம் பார்க்கும் வேலை. பருவத்தில் மாங்கொட்டைகளும் சீத்தாப்பழ விதைகளும் ஆலைக்குப் பின்னால் மலையாகக் கொட்டிக் கிடக்கும். எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு போன இடத்தில் அக்கா மட்டும் ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பாவாவைக் கல்யாணம் செய்துகொண்டு திருத்தணியில் குடியேறியதும், அவருடன் சேர்ந்து மலையடிவாரத்தில் எண்ணெய் பிழியும் இயந்திரம் ஒன்றைப் போட்டார்.

அக்காவிடம் எண்ணெயைப் பற்றிக் கேட்டுவிட்டால் போதும், கேட்டவருக்கு அன்றைக்கு வேறு வேலை நடக்காது. மாங்கொட்டைப் பருப்பின் கொழுப்பு வீட்டில் சும்மா வைத்தாலே வெண்ணெய் மாதிரி உறைந்து நிற்கும், அதில் ஸ்டியரிக் அமிலம் அதிகம் என்பார். இலுப்பை எண்ணெய் மார்கழியில் பாதி உறையும். சீத்தா விதை எண்ணெய் உறையவே உறையாது. அதில் ஒலியிக், லினோலியிக் அமிலங்கள்தான் மிகுதி, அந்த அளவில் நாம் சமைக்கிற எண்ணெய்க்கு அது தூரத்துச் சொந்தம் என்பார். விதை ஈரத்தில் கிடந்து கெட்டிருந்தால் எண்ணெயில் அமிலம் பிரிந்து நிற்கும், அப்படிப்பட்ட எண்ணெயில் ஏற்றிய விளக்கு புகையும். அதனால் ஒவ்வொரு முறை பிழிந்ததும் சமையலறையிலேயே கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகக் காரத்தை விட்டு, எண்ணெய்க் கரைசல் இளஞ்சிவப்பாக மாறும் இடத்தில் நிறுத்தி அமில எண்ணைக் கணக்கிடுவார். கூடினால் அந்த எண்ணெய் கடைக்குப் போகாது. பாவா எவ்வளவு முணுமுணுத்தாலும் போகாது.

இலுப்பை, வேம்பு, சீத்தா மூன்று விதையெண்ணெய்களையும் கலந்து கோயில் விளக்குக்காக ஒன்று தயாரித்தார். புகை இல்லை, திரி கருகுவது குறைவு. மலைக்கு வருகிறவர்கள் கேட்டு வாங்கினார்கள். சீத்தா விதையில் பூச்சியைக் கொல்லும் நஞ்சு உண்டு என்பதும், பிழியும்போது அது எண்ணெயோடு இறங்கிவிடும் என்பதும் அக்காவுக்குத் தெரியும். எரிக்கிற எண்ணெய்தானே என்றுதான் அதைச் சேர்த்தார். பாட்டில் மேல் "விளக்கு எண்ணெய்" என்று பெரிய எழுத்திலும், "தீபம் ஏற்ற மட்டும்" என்று அதற்குக் கீழும் அச்சிட்டார்.

தமிழ் படித்த யாரும் சொல்வார்கள், விளக்கு எண்ணெய் வேறு, விளக்கெண்ணெய் வேறு என்று. முன்னது விளக்கில் ஊற்றுவது. பின்னது ஆமணக்கிலிருந்து வருவது, குழந்தைக்குப் பேதிக்குக் கொடுப்பது, சூடு தணியக் கண்ணில் விடுவது. ஆனால் கடைத்தெருவில் வாய் இரண்டையும் ஒன்றாகத்தான் சொல்லும். "ஒரு வெளக்கெண்ண குடுங்க" என்று மலைக்குப் போகிறவர்கள் கேட்பார்கள், கடைக்காரர் அக்காவின் பாட்டிலை எடுத்துக் கொடுப்பார். ஒரு நாளும் தகராறு வந்ததில்லை.

மங்கம்மா பொதட்டூர்பேட்டையில் லுங்கித் தறி ஓட்டுகிறவர். கிருத்திகைக்கு மலையேறிவிட்டுத் திரும்புகையில் அதே கடையில் அதே சொல்லைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அவருக்கு வேண்டியிருந்தது ஆமணக்கெண்ணெய். நாளெல்லாம் நூலைப் பார்க்கிற கண், படுக்கப் போகும் முன் இரண்டு சொட்டு விடுவது அவருக்குப் பழக்கம். இடது கண்ணில் விட்டார். வலது கண்ணுக்குள் பாதிச் சொட்டு இறங்குவதற்குள் எரிச்சல் தாங்காமல் பாட்டிலை வீசிவிட்டார்.

அவருடைய மகள் கடைக்கு வந்து கேட்டபோதுதான் விஷயம் எங்கள் வீட்டுக்கு வந்தது. அரக்கோணத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள், கண்ணில் கிருமி என்று நினைத்து மருந்து விடுகிறார்கள், குணமாகவில்லை என்றார்கள். அன்று எங்கள் கூடத்தில் யார் யார் இருந்தார்கள் என்று எழுத மாட்டேன். இருந்தவர்களுக்குத் தெரியும்.

"நம்ம எண்ணென்னு இன்னாத்துக்கு நீயா போய் ஒத்துக்கிற? கம்முனு இரு. டாக்டருங்க பாத்துக்குவாங்க" என்றார் ஒரு பெரியவர்.

"அவங்களுக்கு அதுல இன்னா இருக்குதுன்னு தெரியாதுங்க. எனக்குத்தான் தெரியும்" என்றார் அக்கா.

"போனா கேசு ஆவும்மா. மிஷினுக்கு சீல் வெச்சிடுவாங்க."

"ஆங், வெப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினார். பாவா பைக்கை எடுத்தார். பாவாவைப் பற்றி நான் எத்தனையோ குறை சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு நாளுக்காக எல்லாவற்றையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

நானும் பின்னாலேயே போனேன். அக்கா பாட்டிலை மருத்துவரின் மேசையில் வைத்து, "இதுல சீத்தா வெத எண்ணெ இருக்குதுங்க சார். கருவிழியோட மேல்தோல அது தின்னுடும். கிருமி கிடையாது" என்றார். மருத்துவர் உடனே சிகிச்சையை மாற்றினார். வலது கண் தப்பியது. இடது கண்ணில் பூ விழுந்துவிட்டது. ஒரு நாள் முன்னால் தெரிந்திருந்தால் அதுவும் தப்பியிருக்கலாம் என்றார் அவர். அந்த ஒரு நாள் அக்காவை விடவே இல்லை.

பெரியவர் சொன்னபடியே கேசும் ஆனது, சீலும் வைத்தார்கள். அதற்கு முன்பே ஆட்டோ வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி, விற்காத பாட்டில்களையெல்லாம் அக்கா திரும்ப எடுத்துவந்து அழித்துவிட்டார். "எல்லா டெஸ்ட்டுலயும் தேறின எண்ணெடா அது" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். "அமில எண் கம்மி, அயோடின் எண் சரி. கண்ணுல விட்டா இன்னா ஆவும்னு எந்த டெஸ்ட்டும் கேக்கல. நானும் கேக்கல."

வீட்டுக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். சுபகாரியங்களுக்கு அழைப்பு வருவது நின்றது. பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து அக்காவும் பாவாவும் காலம் தள்ளினார்கள். பிறகு வயிற்றில் புற்றுநோய் வந்தது. சோறு இறங்காமல், பிறகு தண்ணீரும் இறங்காமல், எலும்பாகிக் கிடந்தார். எனக்கு உலகம் தெரிந்த நாளிலிருந்து ஓயாமல் பேசிய வாய் கடைசி வாரத்தில் பேசவே இல்லை. "அந்தப் பொம்பள வயித்தெரிச்சல்தான்" என்று மருத்துவமனை வராந்தாவிலேயே ஒருவர் சொன்னார். புற்றுநோய் வயிற்றெரிச்சலால் வருவதில்லை. வந்திருந்தால் எங்கள் குடும்பத்தில் பாதிப் பேர் இந்த மலரை வாங்க உயிரோடு இருக்க மாட்டார்கள்.

அக்காவைக் கடைசிவரை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்ட பாவாவுக்கும், முகம் சுளிக்காமல் சுத்தம் செய்த செவிலியர்களுக்கும், கஞ்சி கொண்டுவந்து அக்கா குடிக்காததைப் பார்த்தும் மறுநாளும் கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், இறுதி ஊர்வலத்தில் தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் நன்றி உரியது.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அன்று உடலைக் குளிப்பாட்டுவதற்கு முன் பெண்கள் வரிசையாக வந்து தலையில் எண்ணெயும் சீயக்காயும் தொட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். மங்கம்மா தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "இவ இன்னாத்துக்கு வந்தா" என்று ஒரு குரல் கேட்டது. அவர் காதில் விழுந்திருக்கும். வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் விரலில் எண்ணெய் தொட்டு அக்காவின் உச்சியில் வைத்தார். முன்னால் வந்தவர்கள் அள்ளி அள்ளி வைத்திருந்ததால் எண்ணெய் நெற்றியில் வழிந்து இறங்கியது. மங்கம்மா குனிந்து, பார்வை உள்ள கண்ணால் கிட்டத்தில் பார்த்து, புருவத்துக்கு மேலேயே அதைக் கட்டைவிரலால் தடுத்தார். முந்தானையால் துடைத்தார். பிறகு பின்னால் நின்றவரைத் திரும்பிப் பார்த்து, "கொஞ்சமா வைம்மா. கண்ணுல எறங்கிடப் போவுது" என்றார்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் கொஞ்சமாகத்தான் வைத்தார்கள். அந்த அம்மாவுக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.